கேள்வி ஞானம்: ஒரு பாட்டைக் கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆகலாமா?



அண்மையில் எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள் நடைபெற்றது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் தேர்ச்சி அறிக்கையைப் பார்த்துக் கையொப்பமும் இட்ட பிறகு, எழுந்து செல்லாமல் அமர்ந்திருந்தார். "டீச்சர், ஒன்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டீர்களே?" என்று தயங்கியபடி தொடங்கினார்.

"பையன் பத்து நாளாக ஒரே பாட்டைத்தான் கித்தாரில் நோண்டிக்கொண்டு இருக்கிறான். கொஞ்சம் வாசிப்பான், நிறுத்துவான், திரும்பப் பாட்டைப் போட்டுக் கேட்பான். எங்களுக்கே அலுத்துவிட்டது. யூடியூப்பில் எந்த விரலை எங்கே வைப்பது என்று பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள்தான் அதைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னீர்களாம். ஏன் டீச்சர் பிள்ளையை இப்படிக் கஷ்டப்படுத்த வேண்டும்?"

நியாயமான கேள்வி. பின்னால் வரிசையில் பெற்றோர் பலர் காத்திருந்ததால் இரண்டொரு சொற்களில் மறுமொழி கூறி அவரை அனுப்பி வைத்தேன். அவர் முகத்தில் நிறைவு தெரியவில்லை. எனக்கும் நிறைவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்து அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இது கித்தார் பற்றிய செய்தி மட்டுமன்று. நம் பிள்ளைகள் எதைக் கற்றாலும் அதை எப்படிக் கற்க வேண்டும் என்பது பற்றியது.

கித்தா வெட்டிய வீட்டில் கித்தார்

எங்கள் புலாவ் செபாங் மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் உள்ள சிற்றூர். எல்லையைத் தாண்டினால் நெகிரி செம்பிலானின் தம்பின் பட்டணம். பத்துமலையில் கொமுட்டர் ஏறி உறங்கிப் போனவர்கள் கடைசி நிலையத்தில் விழித்துப் பார்த்தால் எங்கள் ஊரில்தான் இருப்பார்கள். இன்று சுற்றுவட்டாரமெங்கும் செம்பனை. என் சிறுவயதில் எங்கள் தோட்டத்தில் பால்மரங்களே மிகுதி. அப்பா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், வெயில் ஏறிய பிறகு ஒட்டுப்பால் நாற்றத்தோடு வீடு திரும்புவார்.

என் அண்ணன் அடம்பிடித்துக் கேட்டதால் அப்பா தம்பினில் ஒரு பழைய கித்தாரை அறுபது வெள்ளிக்கு வாங்கி வந்தார். "கித்தா வெட்டுறவன் வீட்டுல கித்தாரா?" என்று லயத்தில் எல்லாரும் கேலி பேசினார்கள். அண்ணன் ஐந்தாம் படிவம் முடித்து வேலை தேடிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். கித்தார் ஆணியில் தொங்கியது. 1995ஆம் ஆண்டு, நான் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அதை எடுத்துத் துடைத்தேன். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று அம்மா கடிந்துகொண்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தையே நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

நான் வாசிக்க விரும்பியது ஒரே பாட்டு: 'இளைய நிலா'. 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வைரமுத்து எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய பாட்டு. அதன் தொடக்கத்தில் வரும் கித்தார் இசையை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதை வாசித்தவர் இளையராஜாவின் இசைக்குழுவைச் சேர்ந்த ஆர்.சந்திரசேகர். அதே மெட்டு மறு ஆண்டே 'கலாகார்' என்னும் இந்திப் படத்திலும் ஒலித்தது. கித்தாரைக் கையில் எடுத்த தமிழ்ப் பிள்ளைகளில் அந்தத் தொடக்கத்தை ஒருமுறையேனும் முயன்று பார்க்காதவர்கள் குறைவு என்பேன்.

எங்கள் வீட்டில் இணையம் இல்லை, இசைப்பள்ளி இல்லை, சொல்லித்தர ஆள் இல்லை. இருந்தவை மூன்றுதான்: கித்தார், ஒலிநாடா போடும் ஒரு பழைய வானொலிப்பெட்டி, அந்நாளில் வானொலி ஆறு எனப்பட்ட இன்றைய மின்னல் எப்.எம்மிலிருந்து பதிவு செய்த அந்தப் பாட்டு. பதிவில் முதல் சில நொடிகள் அறிவிப்பாளரின் குரலோடு கலந்திருந்தன.

முதல் சிக்கல் சுருதியில் வந்தது. ஒலிநாடா நொடிக்கு ஏறத்தாழ 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். பெட்டியின் வார்ப்பட்டை தளர்ந்தாலோ மின்கலம் இறங்கினாலோ அந்த வேகம் குறையும். வேகம் குறைந்தால் பாட்டின் சுருதியும் இறங்கும். ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்தால் முழுதாக அரைச்சுரம் இறங்கிவிடும். எங்கள் பெட்டியில் அது அரைச்சுரமும் இறங்காமல் இடையில் எங்கோ நின்றது. கித்தாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளை ஃபிரெட் என்பார்கள். பாட்டின் சுரம் எந்த ஃபிரெட்டிலும் அகப்படாமல் இரண்டுக்கும் நடுவே ஒளிந்துகொண்டது. என் காதுதான் பழுது என்று ஒரு வாரம் அழாத குறை. பிறகுதான் ஒன்று உறைத்தது. பாட்டை மாற்ற முடியாது. கித்தாரை மாற்றலாமே! ஆறு தந்திகளையும் கொஞ்சம் தளர்த்தி, அந்தக் கிழட்டுப் பெட்டியின் சுருதிக்கு என் கித்தாரைக் கொண்டுவந்தேன். முதல் சுரம் கிடைத்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அடுத்த சிக்கல், அந்தத் தொடக்க இசையில் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. எங்கே ஒரு கூட்டம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று விளங்கவில்லை. இரண்டு மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதைக் கோர்ட் என்பார்கள். அவற்றை ஒரே நேரத்தில் அடிக்காமல் தந்தி தந்தியாகப் பிரித்து மீட்டினால் அந்த ஓட்டம் பிறக்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நாடாவை நிறுத்தி, பின்னோக்கிச் சுழற்றி, மீண்டும் கேட்டு, வாயால் முணுமுணுத்து, பிறகு தந்தியில் தேடி, இப்படியே மூன்று மாதம் ஆயிற்று. தொடக்கமும் பல்லவியும் ஒருவாறு பிடிபட்ட அன்று அப்பா வாசற்படியில் அமர்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் மீண்டும் தீட்டத் தொடங்கினார். அதைவிடப் பெரிய பரிசு எனக்கு எந்த மேடையிலும் கிடைத்ததில்லை.

நான் செய்த பிழை

இந்த அனுபவம் பெற்ற நானே, ஆசிரியரான பிறகு அதை மறந்துபோனேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்துத் தமிழ்ப்பள்ளிக்கு வந்து சில ஆண்டுகளில், புறப்பாட நடவடிக்கையாகக் கித்தார்க் குழு ஒன்றைத் தொடங்கினேன். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியால் ஐந்து கித்தார்கள் வந்தன. 2018ஆம் ஆண்டின் பரிசளிப்பு விழாவில் ஐந்து மாணவர்கள் வாசிக்க, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி பாடுவதாக ஏற்பாடு. நேரமோ குறைவு. எனவே எந்தச் சொல்லில் எந்தக் கோர்ட் என்று அச்சிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். மூன்று வாரத்தில் பிள்ளைகள் பிசிறில்லாமல் வாசித்தார்கள். தலைமையாசிரியர் பாராட்டினார். எனக்கும் பெருமைதான்.

விழா நாளன்று அந்த மாணவி மேடைப் பதற்றத்தில் பழகிய சுருதியைவிட ஒரு சுரம் உயர்த்திப் பாடத் தொடங்கிவிட்டாள். மேடையில் இது யாருக்கும் நேரக்கூடியது. ஆனால் என் பிள்ளைகளின் கையில் இருந்த தாளில் இதற்கு விடை இல்லை. அவர்கள் தாளில் உள்ளபடியே சரியாக வாசித்தார்கள். சரியாக வாசிக்க வாசிக்கப் பாட்டு மேலும் மேலும் கெட்டது. ஒருவன் நிறுத்தினான். பிறகு இன்னொருவன். நான்கு கித்தார்களும் ஓய்ந்துவிட்டன.

ஐந்தாமவன் மட்டும் நிறுத்தவில்லை. தலையைச் சாய்த்து அவள் குரலைக் கேட்டான். தடித்த தந்தியில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தான். சற்று நேரத்தில் அவள் குரலோடு இணங்கும் சுரத்தைக் கண்டுகொண்டான். முழுக் கோர்ட்டைப் பிடிக்க அவனுக்குத் தெரியவில்லை. எனவே ஒவ்வொரு கோர்ட்டுக்கும் அடியில் உள்ள ஒற்றைச் சுரத்தை மட்டும் 'டம்... டம்...' என்று தட்டிக்கொண்டே போனான். அந்த ஒற்றைத் தந்தியைப் பற்றிக்கொண்டு அவள் பாட்டை முடித்தாள். மண்டபத்தில் பலர் அதை ஏற்பாடு என்றே எண்ணிக் கைதட்டினார்கள்.

பிறகு அவனிடம் கேட்டேன்: "உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?" அவன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "நீங்க தாள் கொடுத்தப்ப எனக்குக் காய்ச்சல் டீச்சர். நான் வரல. மத்தவங்க வாசிக்கிறதக் கேட்டுத்தான் பழகினேன்."

அவனுக்கு உதவியது என் பாடமன்று, அவனுடைய காய்ச்சல். இதை ஓர் ஆசிரியையாக ஒப்புக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று.

பேனாவும் குடையும்

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு என் தமிழ் வகுப்பையும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். நம் பள்ளிகளில் தன்கதைக் கட்டுரை எழுதப் பயிற்றுவிக்கிறோம் அல்லவா? 'நான் ஒரு பேனா' என்னும் மாதிரிக் கட்டுரையைக் கொடுத்து மனனம் செய்யச் சொல்வேன். பிள்ளைகளும் ஒப்புவிப்பார்கள். பேனா தொழிற்சாலையில் பிறக்கும், கண்ணாடிப் பேழையில் அமரும், நல்லவர் ஒருவர் வாங்குவார், இறுதியில் மை தீர்ந்து குப்பைத் தொட்டியில் கிடந்து கண்ணீர் வடிக்கும். முப்பது பிள்ளைகளின் முப்பது பேனாக்களும் ஒரே தொட்டியில்தான் கிடந்தன!

ஒரு தேர்வில் தலைப்பு 'நான் ஒரு குடை' என்று வந்தது. நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி, குடையாகிய தன்னை எசமானர் கையில் பிடித்து அழகிய கையெழுத்தில் கடிதம் எழுதியதாக எழுதியிருந்தாள். ஆசிரியர் அறையில் படித்துச் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையில் நடந்ததுதான் தாளிலும் நடந்திருக்கிறது. சுருதி சற்றே மாறியது. நான் கொடுத்த விடை கையிலேயே நின்றுவிட்டது. பிழை அவளுடையதன்று.

1988 முதல் 2019 வரை நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வின் நெருக்கடியால்தான் இப்படி மனனம் செய்விக்க வேண்டியிருக்கிறது என்று அப்போதெல்லாம் நாம் சொல்லிக்கொண்டோம். 2020இல் பெருந்தொற்றால் அத்தேர்வு நடைபெறவில்லை. 2021இல் அது நீக்கப்பட்டது. தேர்வு போய்விட்டது, மாதிரிக் கட்டுரை போகவில்லையே! ஆகவே நோய்க்கு மூலம் தேர்வு மட்டுமன்று. பிள்ளை தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க நமக்குப் பொறுமை இல்லை. அவன் தடுமாறும்போது விடையைக் கொடுத்துவிட்டால் அவனுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. அந்த நிம்மதிதான் எனக்கு அச்சமூட்டுகிறது.

கேட்டு அறிவதே கேள்வி

காதால் கேட்டே இசையைக் கற்பதற்கு நம் மொழியில் 'கேள்வி ஞானம்' என்று பெயர். இந்தச் சொல்லை எண்ணி எண்ணி நான் வியப்பதுண்டு. கேட்பது என்றால் செவிமடுப்பது. கேட்பது என்றால் வினவுவது. இரண்டுக்கும் தமிழில் ஒரே வினை. கித்தாரில் ஒரு பாட்டைத் தேடும் பிள்ளை இரண்டையும் ஒருங்கே செய்கிறான். பாட்டைச் செவியால் கேட்கிறான், 'இதுவா, இதுவா?' என்று தந்தியிடம் வினவுகிறான். வள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்று 42ஆம் அதிகாரத்தை ஒதுக்கி, அதன் பின்னரே அறிவுடைமையைப் பற்றிப் பேசுகிறார். அந்த வரிசை தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மொழிப்பாடத்தில் நாம் பின்பற்றும் வரிசையும் அதுதானே? கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து. சப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசூகி (1898–1998) இசைக்கும் இதே வரிசையை வகுத்தார். பிள்ளைகள் எழுத்துப் படிக்குமுன்பே தாய்மொழியைப் பேசிவிடுகிறார்கள். இசையையும் அவ்வாறே முதலில் கேட்டுப் பழகட்டும், சுரக்குறிப்பு பின்னர் வரட்டும் என்றார். அதற்கு அவர் இட்ட பெயரே தாய்மொழி அணுகுமுறை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்படிச் சொல்வதால் ஏட்டுக் கல்வியை நான் தள்ளுவதாக யாரும் எண்ண வேண்டாம். நான் தேடிய அந்தப் பாட்டை ஆக்கியவரே இதற்குச் சான்று. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தம் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகச் சென்று வாசித்து வளர்ந்தவர். அது கேள்வி ஞானத்தின் காலம். பின்னர் 1968இல் சென்னைக்குச் சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும் அதன் எழுத்துமுறையையும் பயின்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கித்தார்த் தேர்விலும் தேறினார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. 2025 மார்ச்சு 8ஆம் நாள் இலண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியபோது, அந்நாட்டு இசைக்கலைஞர்கள் அவர் எழுதிய குறிப்பைப் பார்த்து வாசித்தார்கள். காது முதலில் வந்தது, ஏடு பின்னால் வந்தது. இரண்டும் சேர்ந்தே அவரை உருவாக்கின.

காதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சான்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

"காலம் மாறிவிட்டது டீச்சர், வசதி இருக்கும்போது ஏன் பயன்படுத்தக் கூடாது?" என்று கேட்கிறார்கள். பயன்படுத்தலாம். யூடியூப்பில் பாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி மாறுவதில்லை. 1995இல் எனக்கு அந்த வசதி கிடைத்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். பாட்டிலிருந்து குரலையும் கருவிகளையும் தனித்தனியே பிரித்துத் தரும் செயலிகளும் இன்று உள்ளன. இவையெல்லாம் கேட்பதற்குத் துணை செய்பவை. தாராளமாகக் கொடுங்கள். நான் பொறுத்திருக்கச் சொல்வது, கேட்கும் வேலையையே பிள்ளையிடமிருந்து பறித்துக்கொள்ளும் காணொலியையும் கோர்ட் தாளையும்தான். பாட்டைக் கொடுத்தால் கோர்ட்டுகளைத் தாமே எழுதித் தரும் செயலிகள் சில வேளைகளில் தவறாகவும் எழுதுகின்றன. அது தவறு என்று கண்டுகொள்ளவும் பழகிய காது வேண்டுமே!

"எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வருமா?" என்பது அடுத்த கேள்வி. வழிகாட்டாமல் விட்டால் வராது. 'நீயே கண்டுபிடி' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது கற்பித்தல் ஆகாது, அது கைவிடுதல். எனவே என் குழுவில் இப்போது கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். இசை கற்பிக்காத ஆசிரியர்களும் பெற்றோர்களும்கூட இதற்குத் துணைநிற்கலாம்.

முதல் இரண்டு நாள் கித்தாரைத் தொடக்கூடாது. பாட்டை மட்டும் கேட்க வேண்டும், கூடவே பாட வேண்டும். வாயில் வராத சுரம் விரலில் வராது. மூன்றாம் நாள், பாட்டின் அடியில் ஒலிக்கும் தாழ்ந்த சுரத்தைத் தடித்த தந்திகளில் தேட வேண்டும். அது கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிறகு அந்தச் சுரத்தின்மேல் மேஜர், மைனர் இரண்டு கோர்ட்டையும் வாசித்துப் பார்த்து, எது பாட்டோடு இணங்குகிறது என்று முடிவு செய்ய வேண்டும். தான் கண்டதைத் தன் கையால் ஒரு தாளில் எழுத வேண்டும். எல்லாம் முடிந்த பின்னரே அச்சிட்ட தாளையோ காணொலியையோ பார்த்துச் சரிபார்க்கலாம். வேறுபாடு இருந்தால், யார் சரி என்று மீண்டும் பாட்டிடமே கேட்க வேண்டும்.

இடையில் பிள்ளை சோர்ந்தால் விடையைக் கொடுக்காமல் ஒரு குறிப்பு மட்டும் கொடுங்கள். 'இன்னும் கீழே தேடு', 'அந்தச் சொல்லில் மாறுகிறதா என்று கேள்' என்பன போன்ற ஒரு சொல் போதும். உங்களுக்கு இசை தெரியாவிட்டால், 'முதலில் வாசித்ததைவிட இது பாட்டைப் போல இருக்கிறது' என்று சொன்னாலும் போதும். கண்ணீர் வரும் அளவுக்கு விடவேண்டாம். அன்றைக்குக் கித்தாரை மூடி வைத்துவிட்டு மறுநாள் எடுக்கச் சொல்லுங்கள். உறங்கி எழுந்த காது முந்தைய நாள் கேட்காததைக் கேட்கும்.

தமிழ் வகுப்பிலும் இதையே செய்து பார்க்கிறேன். மாதிரிக் கட்டுரையை முதலில் கொடுப்பதில்லை. ஒரு குடையை வகுப்பறை மேசைமேல் வைத்துவிடுவேன். விரித்துப் பாருங்கள், மடக்கிப் பாருங்கள், கம்பி எங்கே வளைந்திருக்கிறது, துணி எங்கே கிழிந்திருக்கிறது, ஏன் என்று கேட்பேன். பிறகு எழுதச் சொல்வேன். மாதிரிக் கட்டுரையை இறுதியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் சில மாதங்களில் பிள்ளைகள் ஐந்து வாக்கியத்துக்குமேல் எழுதவில்லை. புள்ளிகள் குறைந்தன. பெற்றோர் வருந்தினார்கள், நானும் அஞ்சினேன். ஆனால் அந்த ஐந்து வாக்கியங்கள் ஒருவனுடையதைப் போல இன்னொருவனுடையது இல்லை. ஒருவன், தன் தாத்தா இந்தக் குடையைக் கைத்தடியாகவும் ஊன்றினார் என்று எழுதியிருந்தான். எந்த மாதிரிக் கட்டுரையில் இது கிடைக்கும்?

அந்தத் தாயாருக்கு

இனி, என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தாயாருக்கு ஒரு செய்தி.

உங்கள் மகன் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருப்பதும் 'இளைய நிலா'தான். நான் அவனுக்கு அதைக் கொடுக்கவில்லை. அவனே கேட்டு விரும்பி எடுத்துக்கொண்டான். சந்திப்பு நாளுக்கு அடுத்த வாரம், குழுவில் நான் அந்தப் பாட்டை வாசித்துக் காட்டினேன். சரணத்தில் ஓரிடம் வந்ததும் அவன் முகம் சுளித்தான். "டீச்சர், அந்த எடத்துல பாட்டு கீழ போகுது. நீங்க மேலயே நிக்கிறீங்க" என்றான். மற்றப் பிள்ளைகள் திகைத்தார்கள். நான் சற்றுக் கடுமையாகவே, "இந்தப் பாட்டை நான் முப்பது வருடமாக வாசிக்கிறேன்" என்றேன். அவன் அடங்கிப்போனான்.

அன்றிரவு காதொலிப்பான் மாட்டிக்கொண்டு அந்த இடத்தைக் கேட்டேன். மீண்டும் கேட்டேன். அவன் சொன்னதே சரி. சி மேஜர் கோர்ட்டில் உள்ள மூன்று சுரங்களில் இரண்டு ஏ மைனர் கோர்ட்டிலும் உண்டு. அடியில் நிற்கும் சுரத்தைக் கேட்டால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். என் பிழையும் அவ்வகைப்பட்டதே. எங்கள் பழைய வானொலிப்பெட்டியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்கள் சரிவரக் கேட்கவில்லை. கேட்காததை நான் ஊகித்து நிரப்பிக்கொண்டேன். பிறகு ஒருநாளும் சரிபார்க்கவில்லை. உங்கள் மகன் அடிச்சுரத்திலிருந்து தேடியதால் அது அவனுக்கு அகப்பட்டது.

மறுநாள் குழுவில் எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும், "அவன் சொன்னது சரி, நான் இத்தனை காலமும் தவறாக வாசித்தேன்" என்று சொன்னேன். அந்த இடத்தை எனக்கு வாசித்துக் காட்டும்படி அவனைக் கேட்டேன். அவன் வாசித்தான். நான் திருத்திக்கொண்டேன். முப்பது ஆண்டுப் பழக்கம் என்பதால் விரல் இன்னும் பழைய இடத்துக்கே ஓடுகிறது. இப்போது வீட்டில் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

அம்மா, பத்து நிமிடக் காணொலியைப் பார்த்திருந்தால் அவன் அந்தப் பாட்டை அன்றே வாசித்திருப்பான். ஆனால் தன் ஆசிரியை தவறாக வாசிக்கிறார் என்பதை அவன் கேட்டிருப்பானா என்பது எனக்குச் சந்தேகம்தான். இன்னும் இரண்டாம் சரணம் அவனுக்குப் பிடிபடவில்லை. ஆகவே இன்னும் சில நாள் அதே பாட்டு உங்கள் வீட்டில் ஒலிக்கும். தயைகூர்ந்து பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சமைக்கும் நேரத்தில் காது கொடுத்துக் கேளுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று அவனிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பறைகளிலும் தாளை நம்பியோ காதை நம்பியோ பிழைத்த, பிழைபட்ட அனுபவங்கள் இருக்கும். எழுதுங்கள். கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
புலாவ் செபாங்கிலிருந்து ஒரு தமிழாசிரியை